ஆகமம் இல்லாத கோயிலின் அதிகாரம்

பெருங்கோயில் அடக்கும், சின்னக் கோயில் அணைக்கும். தமிழில் சமயம் பற்றி எழுதுகிறவர்களிடையே இன்று கேட்பாரற்று உலவும் கருத்து இது. மதம் மக்களை அடக்கி ஆளும் கருவியாவது அது நிறுவனமான பிறகுதான் என்கிறார்கள். வேதமும் ஆகமமும், மடமும் பட்டமும், சபையும் ஆயரும் என்று அதிகாரப் படிக்கட்டு அமைந்தால்தான் அடக்குமுறை வருமாம். காளியம்மனுக்கும் முத்தாலம்மனுக்கும் கருப்பசாமிக்கும் அப்படி எந்தப் படிக்கட்டும் கிடையாது. ஆகவே அது மக்கள் சமயம், அங்கே நடப்பது கூட்டு வாழ்க்கை. தேனியிலிருந்து கூடலூர் வரை கம்பம் பள்ளத்தாக்கின் எந்த ஊர்த் திருவிழாவைப் பற்றி எழுதினாலும் 'சாதி மத பேதமின்றி ஊரே ஒன்றுகூடியது' என்ற வாக்கியம் தானாக வந்து விழுவது இந்த நம்பிக்கையால்தான்.

வாதத்தை அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிடுகிறேன். நாட்டார் தெய்வங்களின் பக்கம் படித்தவர்களின் கவனத்தைத் திருப்பியதில் பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவனுக்குப் பெரும் பங்கு உண்டு. அவரை வாசித்து வளர்ந்த தலைமுறை அடுக்கும் சான்றுகள் லேசானவை அல்ல. நாட்டார் கோயிலில் பூசாரி பிராமணர் இல்லை. வேளாரோ பண்டாரமோ அந்தந்தச் சாதிக்காரரோதான். பூசை தமிழில் நடக்கிறது. சாமிக்குக் கறியும் சாராயமும் படைக்கலாம். சாமி இறங்கி வந்து நேருக்கு நேர் பேசுகிறது. மதுரை வீரன், காத்தவராயன் போன்ற தெய்வங்கள் அதிகாரத்தால் கொல்லப்பட்டவர்கள். 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து ஆடு, கோழி பலிக்குத் தடை போட்டபோது, பெருஞ்சமயம் சிறுதெய்வத்தின் மேல் எப்படிக் கை வைக்கும் என்பதை நாடே பார்த்தது.

பெருங்கோயில்களைப் பற்றி இவர்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழையக் கூடாது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தீர்ப்பு வாங்கிய நாடு இது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் அழைத்துச் செல்லும்வரை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் கால் வைக்க முடியவில்லை. நான் மறுப்பது வாதத்தின் மறுபாதியை. சின்னக் கோயிலுக்குப் போகிறபோக்கில் எழுதிக் கொடுக்கப்படும் நற்சான்றிதழை.

1. நிறுவனம் என்றால் கோபுரமும் சாத்திரமும்தானா? ஒரு நிறுவனம் என்ன செய்கிறது என்று பாருங்கள். தன் ஆட்கள் யார் யார் என்று பட்டியல் வைக்கிறது. அவர்களிடம் பணம் வாங்குகிறது. விதி போடுகிறது, மீறினால் தண்டிக்கிறது, பதவியை அப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாற்றுகிறது. மீனாட்சி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருகிறவரின் பெயரை யாரும் எழுதிக்கொள்வதில்லை. ஊர்க் காளியம்மன் கோயிலிலோ தலைக்கட்டு வரி நோட்டு இருக்கிறது. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்தவளுக்கு அரை வரி என்று சில ஊர்களில் கருணை காட்டுவார்கள். வரி பாதியானாலும் ஊர்க்கூட்டத்தில் அவளுக்குக் கால்வாசிக் குரல்கூடக் கிடையாது.

சாமி சாட்டிக் காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் இன்னொரு சட்டம் நடைமுறைக்கு வருகிறது. வெளியூரில் இரவு தங்கக் கூடாது. வீட்டில் கறி எடுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. ஊருக்கு ஊர் பட்டியல் மாறும், பட்டியல் இல்லாத ஊர் அபூர்வம். காரணாகமமும் காமிகாகமமும் கருவறைக்குள் யார் போகலாம் என்று தீர்மானித்தன. ஒரு வீட்டு அடுப்பில் இன்றைக்கு எண்ணெய் காயலாமா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை எந்த ஆகமமும் கேட்டதில்லை.

தண்டனை முறையைக் கவனியுங்கள். வரி கட்டாதவனை அரசாங்கம் தண்டிக்கும். ஊர்க் கோயில் வரி வாங்க மறுத்துத் தண்டிக்கும். மகள் வேற்றுச் சாதிப் பையனோடு போய்விட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கு வரி பிரிக்க வருகிறவர்கள் அந்த வீட்டு வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடி உதை இல்லை, வழக்கு இல்லை, சாட்சி சொல்லக்கூட ஒன்றும் நடக்கவில்லை. அந்த வீட்டு முளைப்பாரி மற்ற முளைப்பாரிகளோடு சேராது. அந்த வீட்டுச் சாவுக்கு ஆள் வராது. அதற்கப்புறம் தகப்பன் ஒருநாள் கூட்டத்தில் விழுந்து கும்பிட்டு, தண்டம் கட்டி, உயிரோடு இருக்கிற மகளுக்குத் தலைமுழுகிவிட்டு நோட்டில் தன் பெயரைத் திரும்பப் பெறுவார். மடாதிபதிகள் எவருக்கும் இவ்வளவு துல்லியமான ஆயுதம் வாய்த்ததில்லை.

பட்டியல் மனிதரை என்ன பாடுபடுத்தும் என்பது இந்த வட்டாரம் அறியாததல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே இன்றும் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்கிறார்கள். கைரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அவர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், கூரத்தான் வேண்டும். வெள்ளைக்காரன் நோட்டில் பெயர் ஏற மறுத்த அதே மண்ணில் கோயில் நோட்டில் எந்தத் தெருவின் பெயர் ஏறவே இல்லை என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

2. எல்லாச் சாதிக்கும் பங்கு இருக்கிறதே என்பார்கள். நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கும். வேளார் மண்ணெடுத்துச் சாமி செய்கிறார், வண்ணார் மாத்து விரிக்கிறார், தீப்பந்தம் பிடிக்க ஒருவர், கொட்டு அடிக்க ஒருவர். யாரும் விடுபடவில்லை, எவ்வளவு அழகான ஏற்பாடு! எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்த வருஷம் பரிவட்டம் கட்டியவர் அடுத்த வருஷம் கொட்டு அடிப்பாரா? கொட்டு அடித்தவர் பரிவட்டம் கட்டுவாரா? மாற்றிக்கொள்ள முடியாத பங்குக்குப் பங்கு என்ற மரியாதை எதற்கு? யார் யாருக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை ஊரைக் கூட்டி, மேளம் முழங்க, சாமி சாட்சியாக ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை பார்ப்பதுதான் அங்கே நடக்கிறது.

'இனிமேல் கொட்டு அடிக்க மாட்டோம்' என்று சேரி முடிவெடுத்த ஊர்களில் அப்புறம் என்ன நடந்தது என்று அந்த அத்தியாயத்தில் இருக்காது. பங்கு என்பது உரிமையாக இருந்திருந்தால் அதை விட்டுக்கொடுப்பவரைப் பார்த்து யாருக்கும் கோபம் வந்திருக்காது. அடி விழுந்தது, வேலை போனது, தண்ணீர் நின்றது. கடமையைச் செய்ய மறுத்த அடிமைக்குக் கிடைப்பவை இவை.

பெண்களின் கதையும் இதேதான், கொஞ்சம் மென்மையாக. விரதம் இருப்பவள் அவள். முளைப்பாரி வளர்ப்பவள், தீச்சட்டி ஏந்திக் கை பொசுக்கிக்கொள்பவள், மாவிளக்கு இடிப்பவள் எல்லாம் அவள். மரியாதை வாங்கும் வரிசையில் அவளைக் காணோம்.

3. வீரபாண்டியைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். சித்திரையில் கௌமாரியம்மன் திருவிழாவுக்கு இந்தப் பள்ளத்தாக்கே புறப்பட்டு வருகிறது. முல்லையாற்றில் நீர் மொண்டு வந்து முக்கொம்புக் கம்பத்துக்கு ஊற்றுகிறார்கள். தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையுமாக எட்டு நாளும் இரவும் பகலும் கூட்டம் ஓயாது. நெருக்கியடித்து நிற்கிற அந்த வரிசையில் யார் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. ஒப்புக்கொள்கிறேன். எதிர்த்தரப்பின் கையில் இருப்பதிலேயே கனமான சான்று இதுதான்.

ஆனால் இந்தச் சான்று யாருக்காகப் பேசுகிறது? வீரபாண்டிக் கோயில் அறநிலையத் துறையின் கையில் இருக்கிறது. செயல் அலுவலர் இருக்கிறார், ரசீது இருக்கிறது, உண்டியல் எண்ணிக்கை இருக்கிறது, ஆட்சியர் அலுவலகத்தில் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது. தலைக்கட்டு வரி கட்டியவர்தான் தீச்சட்டி எடுக்கலாம் என்று யாரும் நிறுத்துவதில்லை. பல்லாயிரம் பேரில் யாருக்கும் யாரையும் தெரியாது. வாசலைத் திறந்து வைத்தது 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டமும், அலுவலரின் நாற்காலியும், கூட்டத்தின் முகமின்மையும். வீரபாண்டியில் சாமி சன்னிதிவரை போய்க் கும்பிட்டுவிட்டு வருகிற அதே ஆள், பஸ் ஏறித் தன் ஊரில் இறங்கியதும் ஊர்க் கோயிலின் தெருமுனையில் நின்றுவிட வேண்டியிருக்கிறது. ஆக, எது நிறுவனமாகிச் சட்டத்துக்குள் வந்ததோ அங்கே கொஞ்சம் காற்று வந்தது. எது 'எங்கள் சொந்தக் கோயில்' என்று சட்டத்துக்கு வெளியே நின்றதோ அங்கே பூட்டு இறுகியது. எதிர்த்தரப்பு சொல்வதற்கு இது நேர் தலைகீழ்.

கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டைத் தலைகுனிய வைத்த கோயில் விவகாரங்களை எண்ணிப் பாருங்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது; அங்குள்ள முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போக 2011 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் 2023 ஜனவரியில் போலீஸ் துணையோடு தலித்துகள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். முத்தாலம்மன், திரௌபதி, மாரியம்மன். எந்த மடாதிபதி இந்த வாசல்களைச் சாத்தினார்?

இங்கே எழும் வாதமும் வைதீகர் சொல்லிக் கொடுத்தது இல்லை. 'இது எங்கள் சாதிக் கோயில், எங்கள் பணத்தில் கட்டியது' என்பது நவீனமான, வக்கீல் தயாரித்த வாதம். சாதி என்பது சமயப் பிரிவு ஆகாது, அந்தப் பெயரில் கோயிலுக்குத் தனி உரிமை கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது. நாட்டார் சமயத்தின் சுதந்திரத்தைக் கொண்டாடும் கட்டுரைகளில் இதை வரவேற்ற ஒரு வரியையும் நான் பார்க்கவில்லை.

4. பூசாரி நம்மாள் என்பதில் என்ன வந்தது? அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற சட்டத்துக்கு 1970இல் தொடங்கி அரை நூற்றாண்டு வழக்காடினோம். 2021 ஆகஸ்ட் 14 அன்று பயிற்சி முடித்த 24 பேர் பணி ஆணை பெற்றார்கள். நியாயமான போராட்டம், நான் அதன் பக்கம். ஆனால் ஊர்க் கோயில்களில் பிராமணரல்லாத பூசாரி தொன்றுதொட்டு இருக்கிறார். அதனால் எந்த வாசல் திறந்தது? விபூதியைக் கையில் தொட்டுக் கொடுப்பதா, மேலிருந்து போடுவதா என்பதைப் பூசாரி தீர்மானிப்பதில்லை. அவருக்குப் பின்னால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாட்டாமைகளும் பெரியதனக்காரர்களும் தீர்மானிக்கிறார்கள்.

சாமியாடியின் வாக்கைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். அருள் யார் மேல் வரும் என்பது வகையறா வாரியாக ஏற்கெனவே முடிவான விஷயம். எதிர்பாராத ஆள் மேல் வந்தால் அது சாமியா பேயா என்று கோடாங்கியைக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். சேரிப் பெண் மேல் காளி இறங்கி 'என்னை உள்ளே விடு' என்று சொன்னால், அது பேய் என்றுதான் தீர்ப்பாகும்.

5. கொலையுண்டவர்களைக் கும்பிடுகிறோமே என்பதுதான் எதிர்த்தரப்பின் உருக்கமான வாதம். படித்தவர்களின் கண்ணைக் கலங்க வைப்பதும் இதுவே. அதிகாரம் கொன்றவனை மக்கள் தெய்வமாக்கினார்கள், வழிபாடே எதிர்ப்பு என்கிறார்கள். கதைகளைக் கடைசிவரை கேட்டுவிட்டா இப்படிச் சொல்கிறார்கள்?

மதுரை வீரன் அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன். மேல்சாதிப் பெண்ணை மணந்தவன். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். சரி. அவன் பிறந்தது எங்கே என்று கதை சொல்கிறது? காசி ராஜாவுக்கு. காத்தவராயன் ஆரியமாலை என்ற பிராமணப் பெண்ணை விரும்பிக் கழுவேறினான். அவன் யார்? சிவன் பார்வதியின் பிள்ளை, சாபத்தால் கீழே வந்தவன். ஆரியமாலையும் இந்தப் பூமிக்காரி அல்ல. கதை ஒரு கையால் கொடுத்த கலப்பு மணத்தை மறு கையால் பிடுங்கிக்கொள்கிறது. ராஜா மகன்தானே மணந்தான், தேவ கன்னிகையைத்தானே விரும்பினான், அப்புறம் எங்கே இருக்கிறது சாதி மீறல்? கீழ்ச்சாதிக்காரன் மேல்சாதிப் பெண்ணைத் தொட்டான் என்ற செய்தி மட்டும் கதைக்குள் நிற்கவே முடியாதபடி பூசி மெழுகப்பட்டிருக்கிறது.

கும்பிட்டதன் பலன் என்ன என்பதையும் பார்க்கலாம். கொன்றவர் யார் என்ற கேள்வி அடங்கிப்போனது. செத்தவன் கோபமாக இருக்கிறான், அவனைச் சாந்தப்படுத்த வேண்டும் என்ற கவலை அதன் இடத்தில் வந்தது. வருஷத்துக்கு ஒரு கிடா, ஒரு புட்டி சாராயம். கொன்றவனின் பேரனும் அதை வெட்டலாம், வெட்டியதும் பாக்கி தீர்ந்தது. செத்தவனுக்குக் கொடுத்த வேலையோ காவல். மதுரை வீரன் மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் நிற்கிறான். ஊர்களில் எல்லையில் நிற்கிறான். எந்த எல்லையைத் தாண்டியதற்காகக் கை கால் போனதோ அந்த எல்லைக்கே அவனைக் காவல்காரனாக நியமித்திருக்கிறது இந்தச் சமயம். இதை எதிர்ப்பு என்று வாசிக்க ரொம்பவும் நல்ல மனசு வேண்டும். அவனுக்குக் கிடா வெட்டுகிற வட்டாரங்களில் ஆணவக் கொலைகள் குறைந்திருந்தால் நானும் அப்படி வாசித்திருப்பேன்.

6. ஆட்டுக்குக் கிடைத்த நீதியை மனிதருக்குக் கிடைத்த நீதியோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2003 தடை அராஜகமானது என்பதில் எனக்கும் உடன்பாடு. யாருடைய சாமி என்ன தின்ன வேண்டும் என்று கோட்டையில் உட்கார்ந்து முடிவு செய்ய யாருக்கும் உரிமை இல்லை. கிராமங்கள் கொதித்தன, 2004இல் அந்தச் சட்டமே ரத்தானது. ஒரு வருஷம் தாங்கவில்லை.

அதே ஆண்டுகளில் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் என்ன நடந்துகொண்டிருந்தது? தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது 1996இல். வேட்புமனு போட ஆளில்லை, போட்டவர் ஜெயித்த கையோடு ராஜினாமா என்று பத்து வருஷம் ஓடியது. ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் பேசி 2006 அக்டோபரில்தான் தேர்தலை ஒழுங்காக நடத்த முடிந்தது. இந்தப் பாப்பாபட்டியில்தான் ஒச்சாண்டம்மன் கோயில் இருக்கிறது. மகா சிவராத்திரிக்கு உசிலம்பட்டியிலிருந்து பூசைப் பெட்டிகளைச் சுமந்து ஊர்வலமாக வருவார்கள். நாட்டார் வழக்காறு படிக்கிற மாணவர்களுக்குப் பிடித்தமான களம். பெட்டியின் நீள அகலம்வரை குறிப்பெடுத்துப் போனவர்கள், தலைவர் நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று குறிப்பெடுத்தார்களா? ஊராட்சித் தலைவர் என்றால் ஊர்ப் பொதுக் காரியத்தில் முன்னால் நிற்க வேண்டும். முன்னால் யார் நிற்பது என்பதைக் கோயில் மரியாதை வரிசை ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிற இடத்தில் ஊராட்சிகளில் இட ஒதுக்கீடு தந்த அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க நேர்ந்தது.

கிடாவுக்கு ஒரு வருஷம், மனிதருக்குப் பத்து. பலித்தடையை எதிர்த்து அன்று முற்போக்குப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையையும், இந்த மூன்று ஊராட்சிகளையும் கோயிலையும் சேர்த்துப் பேசிய கட்டுரைகளின் எண்ணிக்கையையும் யாராவது ஒப்பிட்டால் நன்றாக இருக்கும்.

7. சாமி பயம் போனால் ஊர் சிதறிவிடும் என்பது கடைசி அரண். திண்ணையில் இருப்பவரும் சொல்வார், பேராசிரியரும் வேறு சொற்களில் சொல்வார். கம்பம் பள்ளத்தாக்கே இதற்குப் பதில். இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. 1895இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரை நீர்வளத் துறை ஷட்டர் திறந்து விடுகிறது. வாய்க்கால் வாய்க்காலாக மடை மாறுகிறது. சண்டை வராமல் இல்லை. வந்தால் செயற்பொறியாளரிடம் போகிறார்கள். தண்ணீர்ப் பங்கீட்டைக் காக்க யாரும் அருள் வந்து ஆட வேண்டியிருக்கவில்லை.

விடியும் முன்னே குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏறுகிற ஜீப்புகளைப் பாருங்கள். ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் மடியில் மடி இடிக்க உட்கார்ந்து போகிறார்கள். சாதி பார்த்து ஜீப் ஏற்றினால் டிரைவருக்கு டீசல் காசு கட்டாது. இடுக்கி மலையில் காய் பறிக்கும்போது தீட்டு இல்லை, சம்பளக் கவரில் தீட்டு இல்லை. அந்தக் கூலியில் திருவிழா வரி கேட்கும்போதுதான் ஒருத்தி ஊர்க்காரி ஆகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் ஆகாமல் போகிறாள். ஊரைச் சேர்த்து வைத்தது ஜீப். பிரித்து எழுதியது நோட்டு.

பென்னி குவிக்கைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார்கள். அணை கட்டிய வெள்ளைக்காரப் பொறியாளருக்கு ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள், வீட்டில் படம் மாட்டியிருக்கிறார்கள், பிள்ளைக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். நாட்டார் மனசின் விசாலத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்? விசாலம்தான். நான் நம்பிக்கையை மறுக்கவில்லை, நன்றியை மறுக்கவில்லை. அந்தப் பொங்கலுக்குப் பரிவட்டம் இல்லை, தலைக்கட்டு இல்லை, யார் முன்னே யார் பின்னே என்ற வரிசை இல்லை. (லோயர்கேம்ப் மணிமண்டபத்தில் அரசியல்வாதிகள் மாலை போட முந்திக்கொள்வதைப் பார்த்தால் அதுவும் எத்தனை நாளைக்கோ தெரியவில்லை.)

இது அம்மன் கோயில் விஷயம் மட்டும் என்று மற்றவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். உலகத்திலேயே நெடிய படிக்கட்டு வைத்திருக்கும் கத்தோலிக்கத் திருச்சபை எறையூரில் என்ன செய்ய முடிந்தது? 2008 மார்ச்சில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். ரோமாபுரியிலிருந்து வந்த படிக்கட்டு அத்தனையும் இருந்தும், சவ ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதை ஊர்தான் தீர்மானித்தது. ஜமாத் ஊர்விலக்குகள் நீதிமன்றப் படியேறுவதும் புதிய செய்தி இல்லை. உச்சியில் உட்கார்ந்திருக்கிற கை எட்டாத இடத்தில் திண்ணையின் கை எட்டுகிறது.

இந்தத் தவறான கருத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? முதல் நஷ்டம், நம் கோபம் சுலபமான முகவரிக்குப் போய்ச் சேர்கிறது. சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரர் கோயில் குருக்களைத் திட்டிக் கட்டுரை எழுதினால் கைதட்டல் கிடைக்கும், ஆபத்தும் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டு வாசலைக்கூட மூடவோ திறக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. அதிகாரம் உள்ளவர்கள் அந்தக் கைதட்டலில் சேர்ந்துகொள்கிறார்கள்.

இன்னொரு நஷ்டம் தாசில்தார் அலுவலகத்தில் நடக்கிறது. ஊர்த் திருவிழா என்றால் இயல்பாகவே நல்லது, ஒற்றுமையானது என்று அதிகாரியும் நம்புகிறார். ஆகவே உள்ளே வரக் கேட்டவரையும் விடமாட்டேன் என்றவரையும் ஒரே மேசையில் 'இரு தரப்பு' என்று உட்கார வைத்துச் சமாதானக் கூட்டம் போடுகிறார். உடன்பாடு வராவிட்டால் கோயிலுக்குப் பூட்டு, திருவிழாவுக்குத் தடை. கோயிலுக்குள் வராமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்தவருக்குக் கிடைக்கும் அதே தண்டனை அதைப் பற்றிப் புகார் சொன்னவருக்கும். 'இவர்களால்தான் அம்மன் இந்த வருஷம் பட்டினி' என்ற பழியும் கூடுதலாக அவர் தலையில்.

வேறு வழி இருக்கிறது. சித்திரை, வைகாசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் திருவிழா அனுமதி மனுக்கள் குவிகின்றன. ஆடல் பாடலுக்கு நீதிமன்றம் நிபந்தனை போடுகிறது: ஆபாசம் கூடாது, சாதித் தலைவர் படம் போட்ட பேனர் கூடாது, இத்தனை மணிக்கு முடிக்க வேண்டும். அந்த நிபந்தனைகளோடு இன்னொன்றையும் சேர்க்கட்டும். புறம்போக்கு நிலத்தில் பந்தல் போட்டு, போலீஸ் பந்தோபஸ்தும் ஒலிபெருக்கி அனுமதியும் கேட்கிற எந்தக் கோயிலும், அந்த ஊராட்சி எல்லைக்குள் குடியிருந்து வரி தர முன்வரும் எவரிடமும் வாங்க மறுக்கக் கூடாது. மறுத்தால் ஏன் என்று வரி நோட்டோடு வந்து நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். பொது நிலமும் பொதுக் காவலும் கேட்காமல் தன் வீட்டுச் சாமிப் பெட்டியைத் தன் வீட்டுக்குள் வைத்துக் கும்பிடுகிறவரை இந்த நிபந்தனை தொடாது.

அப்படியானால் திருவிழாவே நடத்த மாட்டோம் என்று சில ஊர்கள் சொல்லும். சொல்லட்டும், அந்த வாக்குமூலம் ஆவணமாகப் பதிவாகட்டும். மற்ற ஊர்களில் கணக்குப் பார்க்கிறவர் எந்த வாசலை ஏன் தாண்டிப் போனார் என்று முதன்முறையாக எழுத்தில் எழுதித் தர வேண்டியிருக்கும். இன்றுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.